திரையரங்கு என்ற எல்லைக்கோடு: ஓடிடி காலத்தில் எழுத்தாளர், நடிகர் ஊதிய உரிமை

தில்லித் தமிழர்களுக்கு லோதி ரோடு என்றால் லோதி எஸ்டேட்டின் தமிழ்ப் பள்ளியும், அரசு ஊழியர் குடியிருப்புகளும், சி.ஜி.ஓ. வளாகமும் நினைவுக்கு வரும். அந்த வளாகத்தின் ஆறாம் எண் கட்டடம் எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அங்கிருந்தே இயங்குகிறது. ஓடிடி தளங்களுக்கான நெறிமுறைகளை உள்ளடக்கிய தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021 பிப்ரவரி 25 அன்று இந்த அமைச்சகத்தின் பெயரில் அரசிதழில் வெளியாயின. அவற்றில் தளங்களைப் பற்றிய மூன்றாம் பகுதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு அளிக்கப்பட்டது. அந்த அமைச்சகத்தின் அலுவலகங்கள் பல இயங்கும் சூச்னா பவனும் இதே வளாகத்தில்தான் இருக்கிறது.

விதிகள் நுணுக்கமானவை. படைப்புகளை வயதுவாரியாக ஐந்து வகைகளாகப் பிரித்துக் குறிக்க வேண்டும். பார்வையாளரின் குறையை 24 மணி நேரத்துக்குள் பதிவுசெய்து, 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லையேல் தளங்களின் தன்னொழுங்கு அமைப்பு. அதற்கும் மேலே அரசின் மேற்பார்வை. ஒரு தொடரைப் பார்ப்பவரின் மனம் புண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு மூன்று அடுக்குகளில் விடை உண்டு. அத்தொடரை எழுதியவருக்கும் அதில் நடித்தவருக்கும் உரியது எப்படிக் கிடைக்கும் என்பதற்கு ஓரடுக்கும் இல்லை.

இதை லோதி ரோட்டின் குறை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. பதிப்புரிமை வேறொரு அமைச்சகத்தின் பொருள். 2016 வரை மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்திடம் இருந்த அது, பின்னர் வர்த்தகம், தொழில் அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டது. தொழிலாளர் நலம் இன்னோர் அமைச்சகத்துடையது. ஆனால் இந்தக் கேள்விக்கான விடையைப் பாராளுமன்றம் 2012இலேயே எழுதிவிட்டது என்பதுதான் வியப்பு. அந்த விடை, ‘திரையரங்கு’ என்ற ஒரு சொல்லை எல்லைக்கோடாக வைத்து எழுதப்பட்டது. அக்கோடு எங்கிருந்து வந்தது, திரையரங்கே இல்லாத ஒரு கலைவடிவம் வந்தபோது அதற்கு என்ன நேர்ந்தது என்பது பார்க்கத்தக்கது.

ஸ்டூடியோக்களின் காலத்தில் கதை எழுதுவது ஒரு வேலை. எஸ்.எஸ். வாசனின் ஜெமினியில் ‘கதை இலாகா’ என்றே ஒரு பிரிவு இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றோர் அதில் மாதச் சம்பளத்துக்குப் பணியாற்றினர். ஜெமினியில் பணிபுரிந்த அசோகமித்திரன் அந்த உலகத்தைப் பின்னாளில் விரிவாகப் பதிவுசெய்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் நடைமுறையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. பணியின்போது எழுதப்பட்டது பணி கொடுத்தவருக்கே சொந்தம் என்பது பிரிட்டிஷ் காலத்துச் சட்டத்தின் நிலை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் 17ஆம் பிரிவில் அதையே பின்பற்றியது. சம்பளம் மாதாமாதம் வரும்வரை இந்த ஏற்பாட்டில் ஒருவகை நியாயம் இருந்தது என்றே சொல்லலாம். ஸ்டூடியோக்கள் சரிந்தன, எழுத்தாளர் படத்துக்குப் படம் மொத்தத் தொகை பெறும் உதிரித் தொழிலாளி ஆனார். சம்பளமும் பாதுகாப்பும் போயின. உரிமை முழுவதும் தயாரிப்பாளருக்கே என்ற விதி மட்டும் அப்படியே நின்றது.

முதல் மோதல் இசையில் தொடங்கியது. பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் 1969இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்தை, அதாவது ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பைத் தொடங்கினர். தங்கள் படைப்புகள் பொதுவில் ஒலிக்கும்போது செலுத்த வேண்டிய கட்டணப் பட்டியலை அது வெளியிட்டது. கல்கத்தாவின் ஈஸ்டர்ன் இந்தியா மோஷன் பிக்சர்ஸ் அசோசியேஷன் உள்ளிட்ட திரைத்துறை அமைப்புகள் எதிர்த்தன. பதிப்புரிமை வாரியம் சங்கத்தின் பக்கம் நின்றது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1977இல் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளர்களின் பக்கமே தீர்ப்பளித்தது. படத்துக்காகக் காசு கொடுத்து எழுதவைத்த பாடலுக்கும் இசைக்கும், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜஸ்வந்த் சிங். அதற்கு உடன்பட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியே ஒரு பின்குறிப்பைச் சேர்த்தார். பாடகரின் குரலுக்குச் சட்டத்தில் இடமே இல்லாதிருப்பதைச் சுட்டி, பாராளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். அவர் இன்னொன்றும் சொன்னார், அது அதிகம் பேசப்படுவதில்லை. படத்தைப் படமாகத் திரையிடலாம். ஆனால் படத்திலிருந்து பாட்டைத் தனியே பிரித்தெடுத்து இசைப்பது இசையமைப்பாளரின் உரிமைக்குள் புகுவதாகும் என்பது அது. படமாகத் திரையில் ஓடுவது தயாரிப்பாளருடையது, அதற்கு வெளியே நடப்பது வேறு என்ற அந்தப் பிரிப்பில்தான் பிற்காலச் சட்டத்தின் ‘திரையரங்கு’ வேர்கொண்டிருக்கிறது என்று கருத இடமுண்டு.

நடிகர்களின் நிலை இதைவிட மோசம். ‘டார்லிங் டார்லிங்’ படம் தொடர்பாகத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் தேவ் ஆனந்துக்கும் எழுந்த வழக்கில், 1978இல் பம்பாய் உயர் நீதிமன்றம், படத்தில் ஒரு நடிகரின் நடிப்பு சட்டம் வரையறுக்கும் ‘படைப்பு’ எதிலும் அடங்காது என்று கூறியது. இலக்கியமும் இல்லை, நாடகமும் இல்லை, கலைப்படைப்பும் இல்லை, திரைப்படமும் இல்லை. நாடறிந்த நட்சத்திரத்துக்கே இதுதான் நிலை என்றால், கூட்டத்தில் நின்று வசனம் பேசியவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 1994இல் ‘நிகழ்த்துக் கலைஞரின் உரிமை’ என்ற புதிய பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. கூடவே, தன் நடிப்பைப் படத்தில் சேர்க்கக் கலைஞர் ஒருமுறை சம்மதித்துவிட்டால் அவ்வுரிமை பிறகு பொருந்தாது என்ற விலக்கும் சேர்ந்தது. 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை வைத்திருந்த விலக்கு இது. ஆக, மேடையில் பாடுபவருக்கு உரிமை வந்தது. திரை நடிகருக்குக் கதவு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது.

இதற்கிடையில் பணம் திரையரங்கை விட்டு வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. ஒலிநாடா, தூர்தர்ஷனின் பாட்டு நிகழ்ச்சிகள், செயற்கைக்கோள் தொலைக்காட்சி, பண்பலை வானொலி, கைப்பேசியின் அழைப்பிசை என்று ஒரு படத்தின் ஆயுள் நீண்டுகொண்டே போனது. தமிழ்த் திரையுலகில் ‘நெகடிவ் ரைட்ஸ்’ என்ற சொல் அந்த நீண்ட ஆயுள் முழுவதையும் ஒரே விலைக்கு விற்றுவிடும் வழக்கத்தின் பெயர். எழுதியபோது இல்லாத ஊடகங்களுக்கும் எழுதியவரின் கையெழுத்து முன்கூட்டியே பெறப்பட்டிருந்தது.

2010 ஏப்ரலில் கபில் சிபல் மாநிலங்களவையில் பதிப்புரிமைத் திருத்த மசோதாவை அறிமுகப்படுத்தினார். ஆஸ்கர் பெர்னாண்டஸ் தலைமையிலான நிலைக்குழு அதை ஆராய்ந்தது. படத்தின் முதன்மை இயக்குநரையும் தயாரிப்பாளருடன் சேர்த்து ஆசிரியராக ஏற்கும் யோசனை மசோதாவில் இருந்தது. குழு அதை ஏற்கவில்லை, அது கைவிடப்பட்டது. இயக்குநர்களின் இழப்பு தனிக்கதை. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் சாதகமான பகுதிகள் தப்பின. அதற்கு, அதே 2010இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ஜாவேத் அக்தரின் பங்கு கணிசமானது. மசோதா 2012 மே 17 அன்று மாநிலங்களவையிலும், மே 22 அன்று மக்களவையிலும் நிறைவேறி, ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 24 அன்று, திரை நடிகர்களின் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை பெய்ஜிங்கில் ஏற்கப்பட்டது.

திருத்தம் செய்தது சிறிதன்று. 17ஆம் பிரிவில் ஒரு வரம்புரை சேர்ந்து 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடித்தளத்தைத் தொட்டது. ஒப்பந்தக் காலத்தில் இல்லாத ஊடகம், ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிடப்படாவிட்டால், உரிமை மாற்றத்தில் அடங்காது என்றது 18ஆம் பிரிவு. அதே பிரிவின் அடுத்த வரம்புரைதான் எல்லாவற்றுக்கும் மையம். படத்தில் இடம்பெற்ற இலக்கியப் படைப்பின் அல்லது இசைப்படைப்பின் ஆசிரியர், ராயல்டியைச் சமபங்காகப் பெறும் உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. சட்ட வாரிசுகளுக்கோ, தொகையை வசூலித்துப் பகிரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். மாறான ஒப்பந்தம் செல்லாது. ஆனால் திரையரங்கில் படத்துடன் சேர்த்துக் காட்டப்படுவதற்கு இது பொருந்தாது.

இந்த விதிவிலக்கின் தர்க்கம் அக்காலத்துக்கு இயல்பானது. முதலீட்டின் அபாயத்தைத் தயாரிப்பாளர் ஏற்கிறார். டிக்கெட் விற்பனை அவருடைய முதல் மீட்பு. அதில் பங்கு கேட்பதில்லை. அதன்பின் வரும் ஒவ்வொரு வருவாயிலும் எழுதியவருக்குப் பாதி. தயாரிப்பாளருக்கும் படைப்பாளிக்கும் இடையே சட்டம் போட்ட சமரசம் என்று இதைக் கொள்ளலாம். திரையரங்கு அந்தச் சமரசத்தின் எல்லைக்கல்.

2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவுக்கு வந்தது. அதே ஆண்டின் டிசம்பரில் அமேசான் பிரைம் வீடியோ. 2018 ஜூலையில் ‘சேக்ரட் கேம்ஸ்’, நெட்ஃபிளிக்ஸின் முதல் இந்தியத் தொடர். 2020 மே 29 அன்று, ஊரடங்கின் நடுவே, ‘பொன்மகள் வந்தாள்’ திரையரங்குக்கே போகாமல் இணையத்தில் வெளியானது. திரையரங்கு உரிமையாளர்கள் எழுப்பிய எதிர்ப்பு தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்டது. படத்தை எழுதியவருக்கும் நடித்தவர்களுக்கும் இந்த மாற்றம் என்ன பொருள் தருகிறது என்ற கேள்வி அந்தக் கூச்சலில் எழவே இல்லை. சட்டத்தை எழுத்துப்படி வாசித்தால் விடை தெளிவு. எந்தத் திரையரங்கிலும் காட்டப்படாத படைப்புக்குத் திரையரங்கு விதிவிலக்கு எப்படிப் பொருந்தும்? முதல் நாள் முதல் பார்வையிலிருந்தே சமபங்கு தொடங்க வேண்டும். எழுத்தாளருக்கு மிகச் சாதகமான ஊடகம் ஓடிடியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. பாடலும் இசையும் ‘படத்தில் இடம்பெற்ற படைப்பு’ என்பதில் யாருக்கும் ஐயமில்லை. திரைக்கதையும் வசனமும் அப்படித்தானா என்பதைத் தயாரிப்பாளர் தரப்பு கேள்விக்குள்ளாக்குகிறது: திருத்தத்தின் நோக்கம் பாடல்களே, திரைக்கதை படமாகவே உருமாறிவிடுகிறது, தனியே பயன்படுவதில்லை என்பது அவர்கள் வாதம். எழுத்தாளர் தரப்பு சட்டத்தின் சொல்லைச் சுட்டுகிறது. ‘இலக்கியப் படைப்பு’ என்றுதான் இருக்கிறது, ‘பாடல்’ என்று இல்லை. 19ஆம் பிரிவின் ஒன்பதாம் உட்பிரிவு இன்னும் நேரடியானது. திரைப்படம் எடுப்பதற்காகச் செய்யப்படும் எந்த உரிமை மாற்றமும், திரையரங்குக்கு வெளியேயான பயன்பாட்டில் ஆசிரியரின் சமபங்கைப் பாதிக்காது என்கிறது அது. திரைப்படம் எடுப்பதற்காக உரிமை மாற்றப்படும் படைப்புகளில் திரைக்கதைதானே முதலாவது? எழுத்தாளர் தரப்பு வாசிப்பே வலுவானது என்று தோன்றுகிறது.

ஆனால் வாசிப்பு வலுவாக இருந்தாலும் கணக்கு ஒன்று இடிக்கிறது. எதில் பாதி? தளம் ஒரு தொடரை ஆணையிட்டு எடுக்கும்போது பெரும்பாலும் செலவும் அதன்மேல் ஒரு குறிப்பிட்ட இலாபமும் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கொடுக்கப்படுகிறது. எல்லா உரிமைகளும் தளத்துக்குப் போய்விடுகின்றன. பார்வையாளர் கட்டுவது மாதச் சந்தா, இந்தத் தொடருக்கென்று தனிக்காசு கிடையாது. வானொலியில் ஒரு பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்று எண்ணலாம். ஒரு தொடரை எத்தனை பேர் முழுதாகப் பார்த்தார்கள் என்ற கணக்கு தளத்தின் உள்ளறையில் இருக்கிறது. தயாரிப்பாளருக்கே மறுவருவாய் இல்லாத ஒரு வணிகத்தில், தயாரிப்பாளருடன் சமபங்கு என்ற உரிமை பூஜ்யத்தில் பாதியாகிவிடும் அபாயம் உண்டு. தளத்தையே உரிமை பெற்றவராகக் கொண்டால்தான் வரம்புரைக்கு உயிர் வரும்.

இங்கே அமெரிக்க வரலாறு ஒரு விசித்திரமான மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஹாலிவுட் எழுத்தாளருக்குப் பதிப்புரிமையே கிடையாது. அவர் எழுதுவது சட்டப்படி கூலிக்கு எழுதப்பட்டதாகவே கொள்ளப்படும். ஆனால் மறுபயன்பாட்டுத் தொகை உண்டு, அதைத் தந்தது சங்கத்தின் ஒப்பந்தம். 1960இல் திரைப்படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது எழுத்தாளர்களும் நடிகர்களும் வேலைநிறுத்தம் செய்தனர். நடிகர் சங்கத்தின் தலைவர் அப்போது ரொனால்ட் ரீகன். பழைய படங்களுக்கான உரிமையை விட்டுக்கொடுத்து, ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கு ஒரு மொத்தத் தொகையையும், புதிய படங்களுக்குத் தொடர்தொகையையும் அவர்கள் பெற்றனர். 2007இல் எழுத்தாளர்கள் இணையத்துக்காக நூறு நாள் போராடினர். 2023இல் எழுத்தாளர்கள் 148 நாளும், நடிகர்கள் 118 நாளும் பணிக்குப் போகவில்லை. முடிவில் எழுத்தாளர் ஒப்பந்தத்தில் ஒரு புதிய கணக்கு நுழைந்தது: வெளியான 90 நாட்களுக்குள் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 விழுக்காட்டினருக்கு நிகரான பார்வை கிடைத்தால், மறுபயன்பாட்டுத் தொகையில் பாதி கூடுதலாக. தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, பார்வைக் கணக்கைச் சங்கத்திடம் காட்டத் தளங்கள் இசைந்தன என்பதே முக்கியம். அமெரிக்கருக்கு உரிமையில்லை, பணம் வருகிறது. இந்தியருக்கு விட்டுக்கொடுக்கவே முடியாத உரிமை இருக்கிறது, பணம் வரவில்லை.

அப்படியொரு சங்கம் இங்கே ஏன் எழவில்லை என்பதற்கு எழுத்தாளர்களின் ஒற்றுமையின்மையை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். சட்டமும் ஒரு காரணம். ‘மகாபாரத்’ தொடர் வங்காள மொழியாக்கத்தில் ஒளிபரப்பானபோது, தங்கள் வேலை பறிபோகும் என்று அஞ்சிய வங்கக் கலைஞர்களின் ஒருங்கிணைப்புக் குழு அதை நிறுத்தச் சொன்னது. அதற்குத் துணைநின்றது, 1977ஆம் ஆண்டு வழக்கில் படைப்பாளிகளுக்கு எதிரே நின்ற அதே ஈஸ்டர்ன் இந்தியா மோஷன் பிக்சர்ஸ் அசோசியேஷன்! இது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றது போட்டி ஆணையம். 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. தொழிற்சங்கம் என்ற அடையாளம் அவர்களைக் காக்கவில்லை. அதே ஆண்டின் அக்டோபரில், தங்கள் உறுப்பினர்களை மட்டுமே பணியமர்த்த வேண்டும் என்ற மும்பைத் திரைத் தொழிலாளர் கூட்டமைப்பின் நிபந்தனையும் ஆணையத்தால் தவறெனப்பட்டது. கூலிக்காகக் கூடிப் பேசுவதை இத்தீர்ப்புகள் தடுக்கவில்லை. ஆயினும் மாதச் சம்பளம் வாங்காத, தன் பெயரில் ஒப்பந்தமிடும் ஓர் எழுத்தாளர் தொழிலாளியா, வணிகரா என்ற ஐயம் அவர்களின் பேரத்தின்மேல் நிழலாகக் கிடக்கிறது.

தொழிலாளர் சட்டத்திலும் அவருக்கு இடம் குறைவு. 1981ஆம் ஆண்டின் திரைத் தொழிலாளர் சட்டம் தொடக்கத்தில் மாதம் 1,600 ரூபாய்க்கோ, மொத்தத் தொகையாக 15,000 ரூபாய்க்கோ மேல் பெறாதவரை மட்டுமே தொழிலாளியாக ஏற்றது. அது பேசியதும் திரைப்படத்தைப் பற்றித்தான். 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு ‘ஒலி-ஒளித் தொழிலாளர்’ என்ற விரிந்த சொல்லைக் கொண்டுவந்து, எண்முறைத் தயாரிப்பையும் உள்ளடக்கி, எழுத்து வடிவ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கும் என்பது பழைய கேள்வியே.

நடிகர்களைப் பொறுத்தவரை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக்கொண்டது. எழுத்துப்பூர்வமாகச் சம்மதித்த கலைஞர், மாறான ஒப்பந்தம் இல்லையேல், தயாரிப்பாளர் அவ்வுரிமையை அனுபவிப்பதைத் தடுக்க இயலாது; ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறத் தகுதியுண்டு. எவ்வளவு, யாரிடமிருந்து, எப்போது என்று சட்டம் சொல்லவில்லை. போகிறபோக்கில் வந்துபோகிற, துறை வழக்கப்படி பெயர்ப்பட்டியலில் இடம்பெறாத நடிகர், தன் நடிப்பு சிதைக்கப்படாமல் காக்கும் உரிமை நீங்கலாக, ‘நிகழ்த்துக் கலைஞரே’ இல்லை என்று வரையறையிலேயே எழுதப்பட்டது. துணை நடிகரின் உரிமையைப் பெயர்ப்பட்டியல் தயாரிப்பவர் தீர்மானிக்கிறார். பாடகர்கள் வேறு வழி கண்டனர்: 2013இல் தங்களுக்கெனப் பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கம் அமைத்து, தில்லி உயர் நீதிமன்றம்வரை சென்று தங்கள் ராயல்டி உரிமைக்காக வாதாடினர்.

ராயல்டி வீதத்தைத் தீர்மானிக்கத் தனி மன்றம் இருந்தது. பதிப்புரிமை வாரியத்தின் பணி 2017இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துடன் இணைக்கப்பட்டது. 2020 டிசம்பர் 31 அன்று பண்பலை வானொலிக்கான வீதத்தை அவ்வாரியம் நிர்ணயித்தது. 2021 ஏப்ரல் 4 அன்று ஓர் அவசரச் சட்டத்தால் வாரியமே கலைக்கப்பட்டது. லோதி ரோட்டின் விதிகள் வெளியாகி அன்றைக்கு 38 நாள். பார்வையாளரின் குறைக்கு மூன்று அடுக்குகள் எழுந்த அதே பருவத்தில், படைப்பாளியின் குறை வழக்கமான நீதிமன்ற வரிசைக்குத் திரும்பியது.

அந்த வரிசையில் நின்று வென்றவர்களும் உண்டு. 2023 ஏப்ரல் 28 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம், ஒலிப்பதிவை வானொலி ஒலிபரப்பும் ஒவ்வொரு முறையும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உண்டு என்று, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் அடிப்படையில், ஐ.பி.ஆர்.எஸ். தொடுத்த வழக்கில் கூறியது. நான்கு நாள் கழித்து ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1977இல் தோற்ற சங்கம் இன்று ஆண்டுக்குப் பல நூறு கோடி ரூபாய் வசூலிக்கிறது. சட்டத்தின் ஒரு வரிக்கும் அந்தப் பணத்துக்கும் இடையே தேவைப்பட்டவை: அரை நூற்றாண்டு உயிருடன் இருந்த ஒரு வசூல் அமைப்பு, எண்ணத்தக்க ஒரு பயன்பாட்டுக் கணக்கு, வழக்கைக் கடைசிவரை நடத்தும் பொறுமை. திரைக்கதையாசிரியர்களும் நடிகர்களும் இப்போது நிற்பது 1969இல் பாடலாசிரியர்கள் நின்ற இடத்துக்கு அருகில்.

பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்தின் உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 2018இல் இணையத்தில் வந்த ஒரு தொடர் 2078 முடியும்வரை அதன் உரிமையாளருக்குச் சொந்தம். எழுதிய பிரதியின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீளும். வரம்புரை வாரிசுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பதால், இவ்வழக்குகளில் பலவற்றை எழுதியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே நடத்த வேண்டியிருக்கும்.